காட்டுக்குப் போகாத போர்: மலாயாவில் பிரிக்ஸ் போட்ட கணக்கு

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவில் (இன்றைய மலேசியத் தீபகற்பம்) கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த போரை 'மலாயா அவசரகாலம்' என்பார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஜெரால்டு டெம்ப்ளரில் தொடங்கி டெம்ப்ளரிலேயே முடித்துவிடுகிறார்கள். 1952 பிப்ரவரியில் வந்தார், மக்களின் மனத்தை வென்றார், காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் படை கரைந்துபோயிற்று என்று கதை ஓடும். இதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீண்ட அந்தப் போரின் தீர்மானமான வேலை டெம்ப்ளருக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. ஆரம்பித்து வைத்தவர் ஹரால்டு பிரிக்ஸ். பர்மாப் போர்முனையில் 5-வது இந்திய டிவிஷனை நடத்தியவர், ஓய்வுபெற்று சைப்ரஸில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல். 1950 ஏப்ரலில் அவரை அழைத்துவந்து 'நடவடிக்கை இயக்குநர்' என்ற பதவி கொடுத்தார்கள். அவர் செய்த வேலையின் சாரம் இது: ராணுவத்தைப் போலீஸுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் பின்னால் நிற்க வைத்தார். எந்த ராணுவமும் இதற்கு லேசில் சம்மதிக்காது. கிளர்ச்சிகளை எதிர்த்து நடக்கும் போர்களில் பெரும்பாலான தோல்விகள் இந்தச் சம்மதம் கிடைக்காததில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு வருடம் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் பிரிக்ஸின் கணக்கு புரியும். 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுவதற்கும் அவசரநிலை வந்தது. எதிரே நின்றது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. அதன் செயலாளர் சின் பெங்குக்கு அப்போது வயது 23. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியதற்காக பிரிட்டிஷ் பதக்கம் வாங்கியவர். அவருக்கு முன்பு செயலாளராக இருந்த லாய் டெக், பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் உளவு சொன்ன ஆள் என்பது தெரியவந்து, 1947-ல் கட்சிப் பணத்தோடு தலைமறைவாகியிருந்தார். கட்சியின் படை பெரும்பாலும் பழைய ஜப்பானிய எதிர்ப்புப் படையின் ஆட்கள்தான். 1945 டிசம்பரில் அந்தப் படையைக் கலைத்தபோது ஆளுக்கு 350 மலாயா டாலர் கொடுத்து அனுப்பினார்கள். ஆயுதங்களில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை, காட்டில் புதைந்தது.

ராணுவம் செய்தது பெரிய சல்லடை நடவடிக்கை. வரைபடத்தில் காட்டின் ஒரு துண்டைக் குறித்து, ஒரு பக்கம் தடுப்பு வரிசையை நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான வீரர்கள் வரிசையாக நடந்து வருவார்கள். மலாயாக் காட்டில், அதிலும் வெட்டிவிட்டபின் மறுபடி முளைத்த அடர்ந்த புதர்க்காட்டில், சில கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரியமாட்டான். வரிசை ஒரு மணி நேரத்தில் துண்டு துண்டாகிவிடும். அதற்குள் லாரிகள் வந்த சத்தமும் வழியில் குடிசைக்காரர்கள் பார்த்த காட்சியும் முகாமுக்குத் தகவலாகப் போயிருக்கும். படை போய்ச் சேரும்போது அடுப்பில் சூடு இருக்கும், ஆள் இருக்கமாட்டான். நாலு கொட்டகையை எரித்துவிட்டுத் திரும்புவார்கள். அன்றிரவே கெரில்லாக்கள் கிராமத்துக்கு வந்து, ராணுவத்திடம் யார் பேசினார்கள் என்று விசாரிப்பார்கள்.

போலீஸின் நிலை இன்னும் மோசம். கெரில்லாக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் சீனர்கள். போலீஸிலோ மலாய்க்காரர்களும் சில இந்தியர்களும்தான், சீன மொழி தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இருந்த உளவு அமைப்பையும் 1948 ஆகஸ்டில் கலைத்துவிட்டார்கள். பாலஸ்தீனத்திலிருந்து வேலை போன பிரிட்டிஷ் சார்ஜெண்டுகள் சில நூறு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு மொழியும் தெரியாது, மனிதர்களையும் தெரியாது. தகவல் இல்லாத படை, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் எதிரியாகப் பார்க்க ஆரம்பிக்கும். 1948 டிசம்பர் 12 அன்று செலாங்கூரின் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு ஒன்று ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. தப்பியோட முயன்றார்கள் என்று அறிக்கை போனது. பொது விசாரணை வேண்டும் என்று உறவினர்கள் தொடுத்த வழக்கை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் நிராகரித்தது. இன்றுவரை அந்த விசாரணை நடக்கவில்லை.

தமிழர்கள் இந்தக் கட்டத்தை வேறொரு பெயரால் நினைவில் வைத்திருக்கிறார்கள். தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அவசரநிலை வருவதற்குச் சில நாள் முன்பே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் இல்லாதவர் சங்கப் பொறுப்புக்கு வர முடியாது என்றும், வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேர முடியாது என்றும் ஆக்கிவிட்டார்கள். சம்மேளனம் அத்தோடு முடிந்தது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோள் கணபதியைக் காப்பாற்றவில்லை. நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, போர் நடத்துகிறவரின் கண்ணால் பார்த்தாலும் இது பெரிய பிழை. தோட்டத் தொழிலாளியின் கூலிக் குறையை வெளிப்படையாகப் பேசிய ஒரே வாசலை அடைத்தாயிற்று. மிச்சமிருந்த வாசல் காட்டுப்பக்கம் திறந்தது.

பிரிக்ஸ் வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய திட்டம் சில பக்கங்கள்தான். அவர் பார்த்த உண்மை எளிது. காட்டில் இருந்த சில ஆயிரம் ஆயுததாரிகள் தாங்களாக நிற்கவில்லை. அவர்களை நிறுத்தி வைத்தது 'மின் யுவென்' என்ற மக்கள் அமைப்பு. அரிசி, பணம், மருந்து, செய்தி, புது ஆட்கள் எல்லாம் அதன் வழியாகப் போயின. மின் யுவென் வாழ்ந்த இடம் காட்டு ஓரத்துக் குடியிருப்புகள். 1930-களின் மந்தத்தில் வேலை போனவர்களும் ஜப்பானியர் காலத்தில் நகரத்தை விட்டு ஓடியவர்களுமாகச் சுமார் ஐந்து லட்சம் சீனர்கள் பட்டா இல்லாத நிலத்தில் மரவள்ளியும் காய்கறியும் போட்டுப் பிழைத்தார்கள். அரசாங்கம் என்ற ஒன்றை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. வரி வாங்கியதும் நியாயம் சொன்னதும் கட்சிக்காரன்தான்.

ஆகவே காட்டில் ஆளைத் தேடாதே, காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் உட்கார் என்பது பிரிக்ஸின் முடிவு. மக்கள் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு உண்டாக்க வேண்டும், அப்போதுதான் தகவல் வரும். தகவல் வந்தால் மின் யுவெனை உடைக்கலாம். அது உடைந்தால் சோறு நிற்கும். சோறு நின்றால் கெரில்லா தானாக வெளியே வந்து நாம் தேர்ந்தெடுத்த இடத்தில் மோதுவான். இந்த வரிசை முக்கியம். கடைசியில் வரவேண்டியதை முதலில் செய்யப்போய்த்தான் இரண்டு வருடம் வீணாயிற்று. ஜோகூரில் தொடங்கி மாநிலம் மாநிலமாக வடக்கே நகர்வது என்று தீர்மானித்து 1950 ஜூன் 1 அன்று வேலையை ஆரம்பித்தார்.

இந்தத் திட்டத்தில் எல்லோரும் காட்டோர மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த, வேலி போட்ட 'புதுக் கிராமங்களை'ப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் போட்ட குழுக்கள். நடுவண் அளவில் ஒரு போர்க்குழு, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. மாவட்டக் குழுவில் அடிப்படை உறுப்பினர்கள் மூன்று பேர்: மாவட்ட அதிகாரி, போலீஸ் தலைவர், அங்கே இருக்கும் ராணுவப் பிரிவின் தளபதி. தலைமை மாவட்ட அதிகாரிக்கு. பிறகு உளவுப் பிரிவு, தகவல் துறை, ஊர்க்காவல், தோட்ட நிர்வாகம் ஆகியவற்றின் ஆட்களும் சேர்ந்தார்கள். போலீஸும் ராணுவமும் ஒரே அறையில், ஒரே வரைபடத்தின் முன்னால் வேலை செய்யும். தினமும் காலையில் சின்னக் கூட்டம் நடக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'காலைப் பிரார்த்தனை'.

அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நேற்றிரவு என்ன நடந்தது, எந்த ரோந்து எங்கே இருக்கிறது, இன்று எது எங்கே போகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். உளவுப் பிரிவு ஒருவனை வளைத்து, ரப்பர்த் தோட்டத்தின் ஒரு மூலையில் அவன் கெரில்லாக்களைச் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கும். அதே மூலையில் ராணுவம் பதுங்கி உட்கார்ந்தால் முதலில் சாகிறவன் நம்முடைய ஆள். எனவே வரைபடத்தில் அந்தச் சதுரங்களை 'உறையவைத்தது' என்று குறித்து, இன்ன தேதிவரை எந்தப் படையும் அங்கே நுழையக்கூடாது என்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிடுவார்கள். காரணத்தை எல்லோருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஒரு பட்டாலியன் தளபதி, காரணம் கேட்காமல், தன் ஆட்களை அந்தச் சதுரத்திலிருந்து வெளியே வைத்திருக்கக் கற்றுக்கொள்வது சாதாரண விஷயமில்லை. அவருடைய மேலதிகாரிகள் அவரை அளப்பது எத்தனை கெரில்லாக்களை வீழ்த்தினார் என்ற எண்ணிக்கையால்தான். பட்டாலியன்கள் மாறிக்கொண்டே இருந்ததால் புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் மறுபடி பெரிய சல்லடையில்தான் ஆரம்பிக்க ஆசைப்பட்டார்கள். இந்த ஆசையை அடக்கியது போலீஸ் அதிகாரியின் வாதத் திறமை கிடையாது. தலைமை நாற்காலியில் சிவில் அதிகாரி உட்கார்ந்திருந்த ஏற்பாடு அடக்கியது. மூவரும் ஒத்துப்போகவில்லை என்றால் பிரச்சினை மாநிலக் குழுவுக்குப் போகும். அவரவர் தங்கள் தலைமையகத்துக்கு ஓட வழியில்லை.

மேலே மட்டும் பிரிக்ஸுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவரால் ஒருங்கிணைக்க முடிந்தது, உத்தரவிட முடியவில்லை. போலீஸ் தலைவரோ ராணுவத் தலைவரோ அவர் சொன்னது பிடிக்காவிட்டால் தங்கள் மேலிடத்துக்கு முறையிடலாம். போலீஸ் ஆணையரும் உளவுத்துறை இயக்குநரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. கீழே மாவட்டத்தில் ஓடிய யந்திரம் கோலாலம்பூரில் முட்டிக்கொண்டு நின்றது. 1951 கடைசியில் பிரிக்ஸ் களைத்து, உடல் கெட்டு, ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

இனி சோற்றுக் கணக்கு. முப்பது பேர் கொண்ட ஒரு கெரில்லாக் குழு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தால் தினம் 12 கிலோ, மாதம் 360 கிலோ. ஆயிரம் பேர் இருக்கும் குடியிருப்பில் ஆளுக்குத் தினம் 12 கிராம் ஒதுக்கினாலே இது வந்துவிடும். ஒரு கைப்பிடிகூட இல்லை. இவ்வளவு சிறிய கசிவை அடைக்க எவ்வளவு பெரிய கட்டுப்பாடு வேண்டியிருந்தது என்று பாருங்கள்.

முதலில் ஆட்களை இடம் மாற்றினார்கள். விடியுமுன் படை குடியிருப்பைச் சூழ்ந்துகொள்ளும். லாரிகள் வந்து நிற்கும். பன்றி, கோழி, தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு போய் முள்வேலி போட்ட மைதானத்தில் இறக்குவார்கள். பழைய குடிசை எரிக்கப்படும், நின்ற பயிர் அழிக்கப்படும். இப்படி ஏறத்தாழ 480 புதுக் கிராமங்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் குடியேற்றப்பட்டார்கள். பல இடங்களில் மனை கிடைத்தது, பயிர் செய்ய நிலம் கிடைக்கவில்லை. கிடைத்த நிலம் நடந்துபோய் வர முடியாத தூரத்தில் இருந்தது. சில கிராமங்கள் மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடத்தில் அமைந்தன.

பிறகு அரிசி ரேஷன். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை முன்பே கொடுத்தாகிவிட்டது. கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்று எழுதி வைக்க வேண்டும். டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் காட்டில் சேர்த்து வைக்க முடியாது. உணவு ஏற்றிய லாரி குறித்த நேரத்தில் குறித்த பாதையில்தான் போகலாம். மருந்து, காகிதம் போன்றவையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தன. ஒற்றை வேலி இருந்தால் இருட்டில் பொட்டலத்தை மேலே தூக்கி வீசிவிடலாம். அதனால் பல இடங்களில் கொஞ்சம் தள்ளி இரண்டாவது வேலி போட்டு, இடையில் விளக்கு வைத்தார்கள். மக்களும் வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். சைக்கிள் பம்புக்குள்ளும் சைக்கிள் குழாய்க்குள்ளும் அரிசியை நிரப்பினார்கள். கழிவு வாளியின் அடியில் இரட்டைத் தட்டு வைத்தார்கள். கடைசியில், தீவிரக் கட்டுப்பாடு உள்ள வட்டாரங்களில், அரிசியாகவே விற்காமல் பொதுச் சமையலறையில் சமைத்துச் சோறாகக் கொடுத்தார்கள். அந்த வெயிலில் சோறு மறுநாளே புளித்துவிடும், பதுக்க முடியாது.

இதன் பாரம் முழுக்க விழுந்தது காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மேல். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில். தொழிலாளி இருட்டோடு போய் வெட்ட வேண்டும். ஊரடங்கோ விடிந்த பிறகுதான் நீங்கும். அதற்குமேல் வாசலில் வரிசை. ஒவ்வொருவரையும் தடவி, வாளியைக் கவிழ்த்து, பையைப் பிரித்துப் பார்த்து அனுப்புவதற்குள் வெயில் ஏறிவிடும், பால் குறையும், கூலியும் குறையும். மதியச் சாப்பாடு கையில் எடுத்துப் போகவும் தடை. தமிழ்த் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களும் இதிலிருந்து தப்பவில்லை. தனித்தனியாக இருந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் வேலிக்குள் சேர்க்கும் வேலை தோட்டங்களில் நடந்தது. லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இப்படி இடம் மாறினார்கள். செலாங்கூரின் செமினி கிராமத்தில் வாசலில் பெண்களின் ஆடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள் என்ற புகார் கிளம்பி, 1956-ல் அரசே விசாரணைக் குழு போட நேர்ந்தது. வாசலில் நிற்கும் போலீஸ்காரரின் கையில்தான் முழுத் திட்டமும் இருக்கிறது என்பதை மேலிடம் தாமதமாகத்தான் உணர்ந்தது.

காட்டுக்குள் இருந்தவர்களும் பிழை செய்துகொண்டிருந்தார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள், அடையாள அட்டைகளைப் பிடுங்கினார்கள், பேருந்துகளை எரித்தார்கள், உளவாளி என்று சந்தேகப்பட்ட கங்காணியையும் தொழிலாளியையும் கொன்றார்கள். மரம் போனால் முதலில் பட்டினி கிடப்பது தோட்ட முதலாளி இல்லை என்பது அவர்களுக்கே உறைத்தது. 1951 அக்டோபரில் சின் பெங்கின் மத்தியக் குழு, மக்களைத் துன்புறுத்தும் செயல்களை நிறுத்தி அரசியல் வேலைக்கு முதலிடம் தரச் சொல்லி உத்தரவு எழுதியது. அவர்களிடம் ஒலிபரப்புக் கருவி கிடையாது. மெல்லிய தாளில் நுணுக்கி எழுதி, சிறு சுருளாக்கி, காட்டில் மரப்பொந்துகளை அஞ்சல் பெட்டியாக வைத்து, கையிலிருந்து கைக்குக் கடத்த வேண்டும். சில பிரிவுகளுக்கு அந்த உத்தரவு போய்ச்சேர மாதக்கணக்காயிற்று. அரசாங்கத்துக்கும் வெகு நாள் தெரியவில்லை.

அதே மாதம் 6-ம் தேதி, ஃபிரேசர்ஸ் ஹில் சாலையில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் கார் பதுங்கித் தாக்கப்பட்டு அவர் இறந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அரசின் தோல்வி உச்சத்துக்கு வந்த நாள். உள்ளே பார்த்தால், கிராமங்கள் வேலிக்குள் வந்துகொண்டிருந்தன, எதிரி தன் முறையை மாற்றிக்கொண்டிருந்தான். மோதல்களின் எண்ணிக்கை 1951-ல் உச்சம் தொட்டு 1952-ல் இறங்கத் தொடங்கியது. டெம்ப்ளர் பெற்ற பாராட்டில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் சேரவேண்டியது.

கொரியப் போரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் 1950-51ல் ரப்பர், வெள்ளீயம் இரண்டின் விலையும் தாறுமாறாக ஏறியது. கிராமம் கட்டவும் போலீஸைப் பெருக்கவும் கஜானாவில் பணம் இருந்தது, வேலி போட்ட கிராமத்தில் இருந்தவருக்கும் வேலை கிடைத்தது. விலை பாதாளத்தில் இருந்த வருடமாக இருந்திருந்தால் அந்த ஐந்து லட்சம் பேரின் கோபம் எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

டெம்ப்ளர் ஒன்றும் செய்யவில்லை என்பது என் வாதம் கிடையாது. அவர் ஹை கமிஷனர், நடவடிக்கை இயக்குநர் என்ற இரண்டு பதவிகளையும் ஒருசேர வாங்கிக்கொண்டு வந்தார். பிரிக்ஸ் கேட்டு ஏங்கிய அதிகாரம் அதுதான். வந்த இரண்டாம் மாதமே தஞ்சோங் மாலிமில் அவர் காட்டிய முகம் கடுமையானது. 1952 மார்ச் 25 அன்று, உடைக்கப்பட்ட குடிநீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழு தாக்கப்பட்டு உதவி மாவட்ட அதிகாரி உள்பட 12 பேர் இறந்தார்கள். டெம்ப்ளர் நேரில் போய் ஊர்ப் பெரியவர்களைக் கடிந்துகொண்டு, 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் தெரிந்ததை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். எல்லோரும் தாள் போட்டதால் யார் சொன்னார்கள் என்று கெரில்லாக்களுக்குத் தெரியாது என்பது அதிலுள்ள நுட்பம். கைதுகள் நடந்தன. ஆனால் கூட்டுத் தண்டனை ஒரு ஊரில் கசப்பை விதைத்தால் அது பத்து ஊருக்குப் பரவும். அந்த ஆகஸ்டில் பெர்மாத்தாங் திங்கி என்ற சிற்றூர் முழுவதையும் தடுப்புக்காவலில் வைத்து வீடுகளை இடித்தார்கள். ஊரோடு ஆட்களை அள்ளிச் சிறைவைக்க வழிசெய்த விதியை 1953-ல் அரசே கைவிட்டது.

டெம்ப்ளரின் நிலையான சாதனை போலீஸில். லண்டன் நகரத்திலிருந்து வந்த புதிய போலீஸ் ஆணையர் ஆர்தர் யங், அவசர அவசரமாகச் சேர்த்த காவலர்களில் ஒரு பகுதியை வெளியேற்றி, மற்றவர்களை முறைவைத்துப் பயிற்சிக்கு அனுப்பினார். போலீஸ்காரர் பொதுமக்களுக்கு உதவி செய்யும் ஆள் என்று நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தினார். உளவு வேலையை, சாதாரணக் குற்றப் புலனாய்விலிருந்து பிரித்துத் தனியான சிறப்புப் பிரிவாக்கினார்கள். ராணுவம் தனக்கென்று ஒற்றர்களை வைத்துக்கொள்ளக்கூடாது. அதன் புலனாய்வு அதிகாரிகள் போலீஸ் சிறப்புப் பிரிவு அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். கிடைக்கும் தகவலைப் படைக்குப் புரியும் விதமாக, எந்த இடம், எந்த நேரம், எத்தனை பேர் என்று மாற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை. இரண்டு உளவு அமைப்புகள் ஒரே ஊரில் தனித்தனியாக ஆள் பிடித்தால், ஒரே தகவலை இரண்டு பேரிடம் விற்கிறவன் பிழைப்பான், உண்மையான ஒற்றன் சாவான்.

1954-க்குப் பின் இந்த எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு முறையாக உருவெடுத்தது. ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் சில மாதம் அங்கே வெளிப்படையாக ஒன்றும் நடக்காது. சிறப்புப் பிரிவு, சோறு கொடுக்கிறவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கும். சிலரைப் பிடித்து, மிரட்டியும் பணம் கொடுத்தும் தன் பக்கம் இழுத்துவிட்டுத் திரும்ப வீட்டுக்கே அனுப்பும். இரண்டாம் கட்டம் ஒரே இரவில் தொடங்கும். பட்டியலில் இருப்பவர்களைக் கைது செய்வார்கள், ரேஷனை இறுக்குவார்கள், சோதனையைக் கடுமையாக்குவார்கள். தன் பக்கம் வந்தவர்களை மட்டும் விட்டுவிடுவார்கள். சில நேரம் ஒரு கிராமத்து வாசலை வேண்டுமென்றே தளர்வாக வைப்பார்கள். சேமித்த அரிசி தீர்ந்ததும் கெரில்லாக்கள் அந்தத் தளர்ந்த வாசலுக்கும் மிச்சமிருக்கும் அந்த ஒன்றிரண்டு ஆட்களிடமும்தான் வந்தாக வேண்டும். மூன்றாம் கட்டத்தில்தான் ராணுவத்துக்கு வேலை.

அந்த வேலையும் உட்கார்ந்திருக்கும் வேலை. பத்துப் பன்னிரண்டு பேர், சுற்றிச் சுற்றி வேறு வழியாகப் போய், தடம் தெரியாமல் படுக்க வேண்டும். சிகரெட், வாசனைச் சோப்பு, தலை எண்ணெய் எதுவும் கூடாது, காட்டில் மாதக்கணக்காக வாழ்கிறவன் மூக்குக்கு அது வெகு தூரத்திலிருந்து தெரியும். பதுங்கல் கெடுவதற்கான காரணங்கள் அலுப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருந்தன: ஒருவன் இருமினான், ஒருவன் தலைவனின் முதல் குண்டுக்கு முன்பே சுட்டுவிட்டான், தப்பி ஓடும் ஒரு வழிக்கு ஆள் போடவில்லை, இருட்டில் எல்லோரும் உயரமாகச் சுட்டார்கள். ஜோகூரின் கோத்தா திங்கியில் நடந்த பயிற்சிப் பள்ளியும், சட்டைப்பையில் அடங்கும் ஒரு கையேடும் இந்தப் பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. புதிய பட்டாலியன் வருமுன் அதன் அதிகாரிகளை அந்தப் பள்ளிக்கு அனுப்பியது, முந்தைய பட்டாலியன் கற்றதை அடுத்தது மறக்காமலிருக்க வழி செய்தது.

சரணடைந்தவர்களை நடத்திய விதமும் இதோடு சேர்ந்தது. அவர்களைத் துண்டறிக்கையில் படம்போட்டுக் காட்டினார்கள், விமானத்திலிருந்து அவர்கள் குரலையே ஒலிக்கவிட்டார்கள். 1958 ஏப்ரலில் தெற்குப் பகுதித் தலைவர் ஹோர் லுங் சரணடைந்தபோது அதை வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்தார்கள். அவர் தானே காட்டுக்குப் போய்த் தன் ஆட்களை அழைத்துவந்தார். சுமார் 160 பேர் வந்தார்கள். ஜோகூரில் போர் அத்தோடு முடிந்தது.

இந்த மாதிரியை வேறு இடங்களுக்கு எடுத்துப்போனவர்கள் வேலியை மட்டும் எடுத்துப்போனார்கள். பிரிக்ஸிடம் வேலை பார்த்த ராபர்ட் தாம்சன் 1961-ல் தென் வியட்நாம் போய் ஆலோசனை சொன்னார். அங்கே மக்களை வேலிக்குள் சேர்க்கும் கேந்திரக் கிராமத் திட்டம் ஆயிரக்கணக்கான கிராமங்களைச் சில மாதங்களில் முடிக்க ஓடியது. வேலிக்கு உள்ளே யார் எதிரி என்று கண்டுபிடிக்கும் போலீஸ் இல்லை. எல்லைக்கு அப்பால் ஒரு முழு அரசாங்கம் ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தது. மலாயாக் கெரில்லாக்களுக்கு வெளியிலிருந்து ஆயுத உதவி எதுவும் வரவில்லை. நம் நாட்டிலேயே, 1967 தொடக்கத்தில் மிசோ மலைகளில் கிளர்ச்சியை அடக்கச் சாலையோரமாகக் கிராமங்களைத் தொகுத்தார்கள். காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிரிடும் ஜூம் சாகுபடி செய்கிறவர் தன் மலைச்சரிவை விட்டுப் பிரிந்தால் அவருக்கு வேறு கூலி வேலை கிடையாது. ரப்பர்த் தோட்டமும் வெள்ளீயச் சுரங்கமும் மலாயாவில் செய்த காரியத்தைச் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. மக்கள் அரசு அரிசியை எதிர்பார்த்து வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். சமாதானம் வந்தது 1986-ல், பேச்சுவார்த்தையால்.

மலாயாவிலும் கடைசித் தீர்ப்பை அரசியல்தான் எழுதியது. 1952-ல் குடியுரிமைச் சட்டம் தளர்ந்து சீனர்களில் பெரும்பகுதியினர் குடிமக்களானார்கள். புதுக் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வந்தன. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதல் 'வெள்ளைப் பகுதி' ஆனது. அங்கே ஊரடங்கும் ரேஷனும் நீங்கின, அடுத்த ஊர்க்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஒரு கண்கூடான காரணம் கிடைத்தது. 1955 ஜூலைத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51-ஐ வென்றது. டிசம்பரில் பாலிங் என்ற ஊரில் அந்தக் கூட்டணியின் தலைவரும் முதலமைச்சருமான துங்கு அப்துல் ரகுமானைச் சந்தித்த சின் பெங், உள்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்தால் போரை நிறுத்தத் தயார் என்றார். கட்சிக்கு அங்கீகாரம் தர துங்கு மறுத்ததால் பேச்சு முறிந்தது. ஆனால் அந்த ஒரு வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் துங்கு அடுத்த மாதம் லண்டனுக்குப் போனார், சுதந்திரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார். 1956-ல் அவசரகால நடவடிக்கைகளை நடத்தும் குழுவின் தலைமை துங்குவின் கைக்கு வந்தது. ராணுவத் தளபதி அதில் ஓர் உறுப்பினர். 1957 ஆகஸ்டு 31-க்குப் பிறகு காட்டில் இருந்தவர்களுக்கு எதிர்த்துப் போராட அந்நிய அரசு இல்லாமல் போயிற்று. 1960 ஜூலை 31 அன்று அவசரநிலை நீக்கப்பட்டது. சில நூறு பேரோடு தாய்லாந்து எல்லைக்கு ஒதுங்கிய கட்சியின் சார்பில் சின் பெங் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1989 டிசம்பரில், ஹாட் யாய் நகரில்.